பொருக்குப் பூஞ்சாணமும் பொட்டல வியாபாரமும்

போன தை மாதம் ஒரு விதைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மரபு நெல்லும் நாட்டுக் காய்கறி விதையும் விற்கிற கடைகளுக்கு நடுவில் ஒரு தம்பி மேசை போட்டு, பளபளக்கும் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார். கிலோ 480 ரூபாய். "காட்டு மரங்களின் வேர்ப்பூஞ்சாணம். எக்டோ, எண்டோ இரண்டும் கலந்தது. எல்லாப் பயிருக்கும் ஏற்றது" என்று மேலே அச்சடித்திருந்தார்கள்.

"கத்தரிக்குப் போடலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"எதுக்கு வேணாலும் போடலாங்கய்யா. காட்டுக்கு யாரு உரம் போட்டா? இதுதான் போட்டுச்சு."

பக்கத்தில் நின்ற ஓர் அக்கா இரண்டு கிலோ வாங்கினார். முட்டைக்கோசுக்காம். முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி, கடுகு இந்தக் குடும்பமே எந்த வேர்ப்பூஞ்சாணத்தோடும் சேராத குடும்பம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. நம்ம திருவிழா, நம்ம கடை, எதுக்கு வம்பு என்று நகர்ந்து வந்துவிட்டேன். அன்றைக்கு விழுங்கியதை இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. "காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?" என்ற கேள்வியை அவர் நம்மிடம்தான் கற்றுக்கொண்டார். இருபது வருடமாக ஒவ்வொரு பயிற்சியிலும் நாம் கேட்கிற கேள்வி அது. நல்ல கேள்வி. ஆனால் காட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பார்த்திருந்தால் இந்தப் பொட்டலத்தை நம் பந்தலுக்குள் விட்டிருக்க மாட்டோம்.

வேர்ப்பூஞ்சாணத்தில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று வேரின் அறைகளுக்குள்ளேயே நுழைந்து குடியிருப்பது. நாம் "வேம்" என்று வாங்குவது இதைத்தான். சோளம், பருத்தி, மிளகாய், கத்தரி, வாழை, தென்னை, வேம்பு, தேக்கு எல்லாம் இந்த வகையோடு வாழ்கிறவை. இன்னொன்று, வேர் நுனிக்கு வெளியே காலுறை மாட்டிய மாதிரி உறை போட்டுக்கொள்வது. அதன் இழைகள் வேரின் அறைகளுக்கு இடையில் வலைபோலப் பின்னும், அறைக்குள் நுழையாது. வெளிப்பக்கம் மண்ணுக்குள் ஓடி மணிச்சத்தும் தழைச்சத்தும் தண்ணீரும் இழுத்து வந்து கொடுக்கும். மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகத் தரும். இந்த இரண்டாவது வகையோடு சேருகிற செடிகள் உலகத்துத் தாவர இனங்களில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உலகில் நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினால் ஏறக்குறைய 60 சதவீதம் இவற்றோடு சேர்ந்தவை என்று 2019-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. பைன், ஓக், பிர்ச் என்று வடநாட்டுக் காடுகள் முழுக்க இந்தக் கூட்டுதான்.

மரமும் பூஞ்சாணமும் சேர்ந்த இந்த உறுப்புக்கு 1885-ல் பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர். மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்கிற விலை உயர்ந்த காளானைப் பயிரிட முடியுமா என்று பார்க்கச் சொல்லி பிரஷ்ய அரசு அவரிடம் வேலையைக் கொடுத்தது. ஆக, தொடக்கத்திலேயே இதில் வியாபாரம் இருந்தது. அவர் தேடிப்போனது காளான், கண்டுபிடித்தது உறவு.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். காட்டில் விழுந்து கிடக்கிற கிளையைப் புரட்டிப் பார்த்தால், அடியில் சில சமயம் பழுப்பாகவோ, துருநிறமாகவோ, சாம்பலாகவோ மெல்லிய பூச்சு ஒன்று ஒட்டியிருக்கும். குடை கிடையாது, தண்டு கிடையாது. சோற்றுப் பானையில் அடிப்பிடித்த பொருக்கு மாதிரி இருக்கும். கல்லுக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும்கூடப் படர்ந்திருக்கும். டொமென்டெல்லா என்பது இந்தக் கூட்டத்தில் பெரிய பேரினம். பைலோடெர்மா, ஆம்ஃபினீமா, டைலோஸ்போரா என்று இன்னும் உண்டு. நான் எல்லாவற்றையும் சேர்த்துப் பொருக்குப் பூஞ்சாணம் என்றே சொல்கிறேன்.

நெடுங்காலம் இவற்றை மரத்தை மட்க வைக்கிற பூஞ்சாணங்கள் என்றே எழுதி வைத்திருந்தார்கள். மட்கும் கட்டையில் ஒட்டியிருக்கிறதே, வேறென்ன வேலை இருக்கப் போகிறது என்ற நினைப்பு. காலையில் டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். பார்த்தவர்கள் வெட்டிப்பயல் என்கிறார்கள். அவன் ராத்திரி பூராவும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஒரு வாய் டீ குடிக்க வந்தவன். அந்தக் கதைதான் இங்கேயும். 1990-களில் வேர் நுனியில் இருக்கும் பூஞ்சாணத்தின் மரபணுவை எடுத்து, கட்டைக்கு அடியில் இருந்த பொருக்கின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. கட்டை அதற்கு வித்து உண்டாக்க ஓர் உட்காருமிடம். சோறு வருவது உயிருள்ள மரத்தின் வேரிலிருந்து. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்து ஊர்மஸ் கோல்ஜால்க் போன்றவர்கள் இதில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அந்த ஊரில் இந்தப் பூஞ்சாணங்களின் மரபணு அடையாளங்களைச் சேர்க்கத் தொடங்கிய தொகுப்பு, இன்றைக்கு உலகம் பூராவும் பூஞ்சாணம் அடையாளம் காணப் பயன்படுகிறது.

கலிபோர்னியாவில் பாயின்ட் ரேயஸ் என்ற கடலோரப் பைன் காடு. அங்கே மோனிக் கார்டஸ், தாமஸ் பிரன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய வேலை செய்தார்கள். தரைக்கு மேலே முளைத்த காளான்களை எடை போட்டார்கள். அதே இடத்தில் தரைக்குக் கீழே வேர் நுனிகளில் இருந்தது யார் என்றும் பார்த்தார்கள். 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். மேலே கொத்துக் கொத்தாகக் குடை விரித்து முதலிடத்தில் நின்ற சுய்லஸ் என்ற காளான், கீழே வேரில் கொஞ்சம்தான் இருந்தது. மேலே பெயரே கேள்விப்படாத ஆட்கள் கீழே பெரும்பங்கு வேரைப் பிடித்திருந்தார்கள். அந்தக் காடுகளின் வேரில் நிறையக் காணப்படும் ஒன்று டொமென்டெல்லா சப்லைலசினா. அது குடையே விரிக்காத பொருக்கு.

இதைப் படித்தபோது எனக்கு நம் மேடைகள்தான் ஞாபகம் வந்தன. சரி, அதை விடுவோம்.

பாயின்ட் ரேயஸ் கணக்கு பொட்டலத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். "எக்டோ" என்று போட்டு விற்கிற சரக்கில் உள்ளே இருப்பது பெரும்பாலும் பைசோலித்தஸ், ஸ்க்ளீரோடெர்மா, ரைசோபோகன் போன்றவற்றின் வித்துத்தூள். ஏன் இவை? இவை உருண்டை உருண்டையாகக் காய்த்து, உள்ளே பொடிப்பொடியாக ஏராளம் வித்து வைத்திருக்கும். உடைத்தால் தூள், சலித்தால் சரக்கு. பொருக்குப் பூஞ்சாணத்தை இப்படித் தூளாக்க முடியாது. ஆய்வுக்கூடத்துத் தட்டில் தனியாக வளர்ப்பதும் சிரமம். ஆகவே அது கடைக்கு வராது. தூளாக்க முடிந்ததை எடுத்து "காடு" என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அந்தத் தூளும் வீண் என்று சொல்லவில்லை. பைன் நாற்றுக்கோ யூகலிப்டஸ் நாற்றுக்கோ அது உதவும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முட்டைக்கோசுக்குப் பொட்டலத்தில் இருக்கிற எக்டோவும் வேண்டாம், எண்டோவும் வேண்டாம்.

"பொட்டலம் வேண்டாம், காட்டு மண்ணையே அள்ளி வந்துவிடலாமே" என்று சிலர் சொல்வீர்கள். அதையும் செய்து பார்த்தவன் நான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு காட்டு ஓரத்திலிருந்து சருகும் மேல்மண்ணுமாக இரண்டு டிராக்டர் லோடு கொண்டுவந்து தென்னைக்கும் கத்தரிக்கும் பரப்பினேன். பெருமையாகப் படம் எடுத்துப் பயிற்சிகளில் காட்டினேன். கத்தரி வழக்கம்போல்தான் காய்த்தது. அடுத்த மழையில் தோப்பு முழுக்க உண்ணிச்செடி முளைத்தது. அதைப் பிடுங்க நான்கு வருடம் ஆனது. அந்தக் காட்டு ஓரத்தில் மண் அள்ளிய இடம் இன்னும் வெறும் சரளையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் அடிவாரக் காடுகளில் நிற்கிற தேக்கு, வாகை, வேம்பு, புளி எல்லாம் முதல் வகைப் பூஞ்சாணத்தோடு வாழ்பவை. நம் வயலில் ஏற்கெனவே இருக்கிற அதே வகை. வெளியுறை போடுகிற இரண்டாவது வகை நம்ம பக்கம் சில மரக் குடும்பங்களோடுதான் சேரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வெள்ளைக்குங்கிலியம், கோங்கு. மத்திய இந்தியாவில் சால மரம். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நடராஜனும் உடன் உழைத்தவர்களும் குடகுப் பகுதியின் உப்பங்களா காட்டில் இந்த மரங்களின் கூட்டாளிக் காளான்களைத் தேடித் தொகுத்து 2005-ல் வெளியிட்டார்கள். ஆக, நான் அள்ளி வந்த மண்ணில் புதிதாக எதுவும் இல்லை. வெட்டிய கிணற்றை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரில் குடம் திருடப் போன கதை.

மண்ணை அள்ளிப் போட்டுப் பலன் கண்ட இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 1930-களிலிருந்து பைன் நட்டு நட்டுப் பார்த்தார்கள். நாற்று மஞ்சள் பூத்துச் செத்தது. 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண் கொண்டுவந்து போட்ட பிறகுதான் பிழைத்தது. அங்கே மரம் அந்நிய மரம், கூட்டாளி இல்லாமல் தனியாக வந்து இறங்கிய மரம். அதே மரத்தின் மண் வந்ததும் எழுந்தது. இதைக் காட்டி நம் மிளகாய்த் தோட்டத்துக்குக் காட்டு மண் கேட்பது, மருமகள் சீர் கொண்டுவந்தாள் என்பதற்காகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சீர் கேட்பது மாதிரி.

எந்த மரம் யாரோடு சேரும் என்பது எவ்வளவு கறாரான விஷயம் என்று தெரிந்துகொள்ள நம் கொல்லையிலேயே ஒரு மரம் இருக்கிறது. லச்சகெட்ட கீரை. யாழ்ப்பாணத்தில் சண்டி என்பார்கள். வெளிர்மஞ்சள் இலை, போத்து நட்டால் வரும், மூட்டுவலிக்குப் பாட்டிமார் வதக்கிக் கொடுப்பார்கள். தாவரவியலார் இதைப் பிசோனியா கிராண்டிஸ் என்ற இனத்தில் சேர்க்கிறார்கள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள பவளத் தீவுகளில் அது காடாகவே நிற்கிறது. கடற்பறவைகள் அந்த மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டி, எச்சத்தைக் கீழே கொட்டும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுத் தீவுகளில் இந்த மரத்தின் வேரில் வெளியுறைப் பூஞ்சாணம் இருப்பதை 1982-ல் ஆஷ்ஃபோர்டு, அல்லவே என்ற இருவர் எழுதினார்கள். வழக்கமான வலைப்பின்னல்கூட அதில் இல்லை. வேரின் அறைச்சுவர்களே உள்பக்கம் மடிந்து மடிந்து, சத்தை உறிஞ்சப் பரப்பைக் கூட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பூஞ்சாணம் யார் என்று பிறகு தேடினால், நம்ம பொருக்குக் கூட்டம்தான். ஒரு பைன் காட்டில் பத்து இருபது என்று பலவகைப் பூஞ்சாணம் வேரில் இருக்கும். சீசெல்ஸ் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும் பார்த்தால் பிசோனியா விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேரைத்தான் சேர்த்துக்கொள்கிறது. அதிலும் பெரும்பாலும் டொமென்டெல்லா குடும்பம். ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள தீவுகளிலும் அதே பிடிவாதம். ஒரு கீரை மரமே இவ்வளவு ஆள் பார்த்துச் சேருகிறது. "எல்லாப் பயிருக்கும் ஏற்றது" என்று ஒரு பொட்டலம் சொன்னால் நாம் சிரிக்க வேண்டாமா?

பொருக்கு பரவுவதும் அதன் சொந்த வழியில்தான். கட்டைக்கு அடியில் ஒட்டிக் கிடப்பதால் காற்று அதன் வித்தைத் தூக்கிப் போவது கஷ்டம். மண்ணில் ஊரும் சிற்றுண்ணிகளும், வாலை விசைபோல் அடித்துத் துள்ளுகிற பொடிப்பூச்சிகளும் அதை மேய்கின்றன. தடித்த ஓடும் முள்ளும் உள்ள வித்து அவற்றின் வயிற்றில் செரிக்காமல் எச்சத்தோடு வெளியே வந்து, பிறகும் முளைக்கிறது. எரிக் லில்லெஸ்கோவ் என்பவரும் மேலே சொன்ன பிரன்ஸும் 2005-ல் இதைக் காட்டினார்கள். ஆகவே விழுந்த கட்டை, அதன் அடி ஈரம், அங்கே மேயும் பூச்சி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பூஞ்சாணத்தின் நாற்றங்கால். எஸ்தோனியாவில் மட்கிய கட்டையின் உள்ளேயே உயிருள்ள வேர் நுனிகள் பொருக்குப் பூஞ்சாணத்தோடு இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மரம் நடுகிற நம் நண்பர்கள் பலர் தோப்பைச் சுத்தமாக வைக்கிறேன் என்று கீழே விழுந்த கிளையையெல்லாம் கூட்டிக் கொளுத்துகிறார்கள். மூடாக்கு மூடாக்கு என்று காய்கறிப் பாத்தியில் பேசுகிற வாய், மரத்தோப்பில் மட்டும் விளக்குமாறு கேட்கிறது. சுள்ளி பொறுக்குகிற பெண்களை நான் சொல்லவில்லை. அவர்கள் தலைச்சுமை காய்ந்த சுள்ளி. லாரியில் ஏறுவது வேறு.

நமக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஐரோப்பாவில் 20 நாடுகளில் 137 காட்டுத் துண்டுகளில் வேர் நுனிகளை எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2018-ல் வந்தது. வானத்திலிருந்து மழையோடும் தூசியோடும் விழுகிற தழைச்சத்து, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 6 கிலோ என்ற அளவைத் தாண்டினாலே வேர்ப்பூஞ்சாணக் கூட்டம் மாறத் தொடங்குகிறது என்றார்கள். அதுவரை தாங்கும் என்று நினைத்த அளவைவிட இது குறைவு. யூரியாக் கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு வருடத்துக்குச் சுமார் 5 கிலோ. நம் ஊரில் ஒரு மூட்டை 45 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். பைலோடெர்மா போன்ற பொருக்குகள் தழைச்சத்து கூடினால் விலகுகிறவை. இலவசமாகச் சத்து கொட்டும்போது மரம் கூலி கொடுத்து ஆள் வைக்குமா?

"பார்த்தீர்களா, யூரியாவின் கேடு" என்று கைதட்டிவிட்டு எழுந்து போக முடியாது. அந்த வானத்துத் தழைச்சத்தில் வாகனப் புகை உண்டு, ரசாயன உரம் உண்டு, மாட்டுச் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் எழுகிற அம்மோனியாவும் உண்டு. நெதர்லாந்தில் பெரும் மாட்டுப் பண்ணைகளை எதிர்த்து எழுந்த சண்டையே இதுதான். திறந்த வெளியில் எருவைக் குவித்து வெயிலில் போட்டு, மூக்கை எரிக்கிற மாதிரி அம்மோனியாவைப் பறக்க விட்டுவிட்டு "நம்மது இயற்கை" என்று சொன்னால் காடு ஒப்புக்கொள்ளாது. எருக்குழியை மண் போட்டு மூடுங்கள். சத்தும் நம்மிடம் தங்கும்.

மரங்கள் பூஞ்சாண வலையில் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைக்குச் சோறூட்டுகிறது என்ற கதைகளையும் நம் பயிற்சிகளில் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம் என்பேன். இந்தத் துறையிலேயே ஊறிய ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்சிமா மூவரும் 2023-ல் இருக்கிற சான்றுகளை எடுத்து வைத்து, காட்டில் இப்படி நடக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டார்கள். கம்பெனிக்காரன் மிகைப்படுத்தினால் கேள்வி கேட்கிறோம். நாம் மிகைப்படுத்தினால் அது பாட்டாகி, பாட்டு பொட்டலமாகி, அக்காவின் 960 ரூபாயை வாங்கிக்கொண்டு போகிறது.

நம் பயிர்களுக்குத் தேவையான முதல் வகைப் பூஞ்சாணத்துக்குக் காசு வேண்டியதில்லை. அது உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. ஆகவே நிலத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருக்கட்டும். கோடையில் சோளமோ கம்போ தட்டைப்பயறோ விதைத்து விடுங்கள். உழவைக் குறையுங்கள். புதிதாகத் திருத்திய செத்த மண், நாற்றங்கால் என்றால் வேம் வாங்கிப் போடுவதில் தப்பில்லை. அதையும் நாமே ஒரு குழியில் நல்ல வயல் மண்ணும் மணலும் கலந்து, சோளம் வளர்த்து, வேரை நறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அக்கா எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. முட்டைக்கோசு இந்நேரம் அறுத்து விற்றிருப்பார். நன்றாக வந்திருந்தால் பூஞ்சாணம் போட்டதால்தான் என்று நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். அடுத்த திருவிழாவுக்கான குழுக் கூட்டம் ஆவணியில் இருக்கிறது. கடை ஒதுக்குகிற படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லப் போகிறேன்: உயிர் உரம் விற்பவர்கள், உள்ளே இருப்பது எந்தப் பூஞ்சாணம், எந்தெந்தப் பயிரின் வேரில் அது சேரும், எதில் சேராது என்று தமிழில் எழுதி மேசை மேல் வைக்க வேண்டும். கூட்டத்தில் எதிர்ப்பு வரும். அந்தத் தம்பியையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.